சின்சில்லா வந்த வழி

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் மாலை, முன்னர் என்னிடம் படித்த ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வீட்டிற்கு வந்தார். அவர் திருப்பூரில் சிறியதொரு பனியன் தொழிலகம் நடத்துகிறவர். பையன் எட்டாம் வகுப்பு. வந்து அமர்ந்ததும், "ஐயா, சின்சில்லா வளர்க்கலாமுங்களா?" என்று கேட்டான். கைப்பேசியில் அப்பிராணியின் படத்தைக் காட்டினான். சாம்பல் நிறம், எலியினும் பெரிதான உடல், முயலினும் சிறிதான முகம், அகன்ற செவி, அணிலைப்போன்ற வால். பார்த்தவர் எவருக்கும் கையில் எடுக்கத் தோன்றும் அழகுதான். அன்று வெளியே வெயில் தணிந்து இரண்டு நாழிகை ஆகியிருந்தது. ஆயினும் சுவரில் கை வைத்தால் சுட்டது.

நான் உடனே விடை சொல்லவில்லை. அப்பிராணியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு பின்னர் நீயே முடிவு செய் என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையும், சொல்லாது விட்ட சிலவற்றையும் சேர்த்தே இங்குக் கூறுகிறேன்.

சின்சில்லா, எலி, அணில் முதலியவை அடங்கிய கொறிக்கும் பிராணிகளின் வகையைச் சார்ந்தது. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்கோரத்தில் நீண்டு கிடக்கும் ஆண்டிஸ் மலைத்தொடர். நீண்ட வால் உடையது ஒன்று, குறுகிய வால் உடையது ஒன்று என இரண்டு இனங்கள் உண்டு. முன்னது சிலி நாட்டிற்கே உரியது. பின்னது பெரு, பொலிவியா, ஆர்ஜென்டினா ஆகிய நாடுகளின் உயர்ந்த மலைகளிலும் வாழ்ந்தது. மழை அரிது, இரவு கடுங்குளிர், புல்லும் முட்செடியும் தவிர வேறு பசுமை இல்லை. இத்தகைய பாறை நிலத்தில், இடுக்குகளில் கூட்டம் கூட்டமாகக் குடியிருந்து, பொழுது சாய்ந்தபின் வெளியே வந்து மேய்வது அதன் வாழ்க்கை.

அதன் மயிரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பின்னால் வந்த எல்லாத் துன்பத்திற்கும் அதுவே காரணம். நம் தலையில் ஒரு மயிர்க்காலிலிருந்து ஒன்றோ இரண்டோ மயிர் முளைக்கின்றன. சின்சில்லாவின் ஒரு மயிர்க்காலிலிருந்து ஐம்பது, அறுபது என்று கற்றையாக எழுகின்றன. நம் தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 மயிர் இருக்குமானால், அதன் உடம்பில் அதே பரப்பில் ஏறத்தாழ 20,000 இருக்கும். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இத்துணை அடர்ந்த உரோமம் வேறொன்றிற்கு இல்லை. நாற்பதாம் நம்பர் நூல் எவ்வளவு மெல்லியது என்று திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்நூல் இழையும் சின்சில்லா மயிரின் முன்னே கயிறாகும். உரோமத்தின் அடர்த்தியில் காற்று அடைபட்டு நிற்கிறது; அக்காற்றே குளிரைத் தடுக்கும் போர்வை. பருத்திப் பனியன் செய்யும் வேலைக்கு இது நேர்மாறு. பனியன், வியர்வையை உறிஞ்சி, பின்னலின் கண் வழியே காற்றை உள்ளே விடுகிறது. சின்சில்லாவோ வியர்ப்பதும் இல்லை, காற்றை விடுவதும் இல்லை. அதன் உடற்சூடு வெளியேறப் பெரிதும் உதவுவன அவ்வகன்ற செவிகளே.

சிஞ்சா என்னும் பழங்குடியினர் பெரு நாட்டுக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்தவர்கள்; அவர்கள் பெயரிலிருந்தே இப்பிராணியின் பெயர் வந்தது என்று பொதுவாகச் சொல்வர். மலைவாழ் மக்கள் அதன் தோலை ஆடைக்குப் பயன்படுத்தினர். ஸ்பெயின் நாட்டார் அம்மண்ணைக் கைப்பற்றிய பிறகு, ஹோசே டி அகோஸ்டா என்னும் பாதிரியார் 1590-இல் வெளியிட்ட நூலில் இப்பிராணியின் தோலின் வியத்தகு மென்மையைக் குறிப்பிடுகிறார். 1782-இல் ஹுவான் இக்னாசியோ மோலினா என்பவர் அதனை அறிவியல் முறையில் விவரித்துப் பெயரிட்டார். மோலினா சிலியில் பிறந்த இயேசு சபைத் துறவி. நாடு கடத்தப்பட்டு இத்தாலியில் இருந்துகொண்டு தம் தாய்நாட்டின் செடிகொடிகளையும் உயிர்களையும் பற்றி நூல் எழுதியவர். அவர் அளித்த பெயரிலுள்ள சொல்லுக்கு 'கம்பளி சுமப்பது' என்பது பொருள். பிறந்த மண்ணைப் பிரிந்திருந்த ஒருவர் அங்குள்ள சிற்றுயிருக்கும் பெயர் சூட்டியது நினைக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் கண் இத்தோலின்மீது விழுந்தது. ஒரு மேலங்கிக்கு நூற்றுக்கு மேற்பட்ட தோல்கள் வேண்டும். மலைக்குடிகள் முதலில் கண்ணி வைத்துப் பிடித்தனர். பின்னர் நாய்களை ஏவினர். புதர்களுக்குத் தீ வைத்தனர். 1828 முதல் 1916 வரையுள்ள காலத்தில் சிலியிலிருந்து மட்டும் கணக்கில் ஏறி வெளியே சென்ற தோல்கள் 70 இலட்சத்திற்கு மேல். கணக்கில் ஏறாதவையும், கண்ணியில் கெட்டுப்போனவையும், தாயை இழந்து மடிந்த குட்டிகளும் இதில் அடங்கா. 1910-இல் ஆர்ஜென்டினா, பொலிவியா, சிலி, பெரு ஆகிய நான்கு நாடுகளும் வேட்டையைத் தடுக்க உடன்படிக்கை செய்தன. ஆனால் அருகிப்போன பொருளுக்குத் தடையும் சேர்ந்தால் விலை என்னவாகும்? ஏறிற்று. ஏறவே, எஞ்சியவற்றையும் தேடிப் பிடித்தனர். தாளில் எழுதிய சட்டம் மலை ஏறுவதற்கு வெகுகாலம் ஆயிற்று.

இந்நிலையில்தான் சாப்மன் என்பவர் வருகிறார். மத்தையஸ் சாப்மன் அமெரிக்கர், சுரங்கப் பொறியாளர், சிலியில் தாமிரச் சுரங்கம் ஒன்றில் பணியாற்றினார். 1918-இல், அவ்வூரான் ஒருவன் தகரக் குவளையில் ஒரு சின்சில்லாவைக் கொண்டுவந்து விலைக்குக் காட்டினான் என்று சொல்வர். சாப்மனுக்கு அதன்மீது ஆசை பிறந்தது. சில உயிர்களைப் பிடித்துத் தம் நாட்டில் வளர்க்க எண்ணினார். அரசின் அனுமதியும் பெற்றார். இருபத்து மூன்று ஆட்களை மலையில் ஏவினார். மூன்றாண்டு தேடியும் அவருக்குக் கிடைத்த தகுதியான உயிர்கள் 11. இலட்சக்கணக்கில் தோல் உரித்த மலையில் உயிரோடு கிடைத்தவை பதினொன்று! அவற்றிலும் பெண் மூன்றே.

அவற்றை மலையிலிருந்து இறக்கிய விதத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரே மூச்சில் கீழே கொணர்ந்தால் சூடு தாங்காது இறந்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே சிறிது தூரம் இறக்குவார். அங்கே சில காலம் தங்குவார். பிராணிகளுக்கு அக்காற்றுப் பழகியபின் மேலும் சிறிது இறக்குவார். இவ்வாறு கடற்கரை வந்து சேர ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. பின்னர்க் கப்பற்பயணம். வெப்ப மண்டலத்தைக் கடந்தாக வேண்டுமே! கூண்டுகளைச் சுற்றிலும் பனிக்கட்டி வைத்து, அது உருக உருக மாற்றி, குளிர்ச்சி குன்றாமல் காத்தார்கள். 1923-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தனர். இன்று உலகின் பற்பல நாடுகளில் வீடுகளிலும் பண்ணைகளிலும் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அச்சிறு கூட்டத்தின் வழிவந்தவை. சாப்மனின் நோக்கம் தருமம் அன்று. தோல் வாணிகமும் அதில் இருந்தது. ஆயினும் உயிரை உயிராகக் கொண்டுவர ஓராண்டு பொறுத்திருந்த அப்பொறுமையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

பண்ணையில் பெருகிய பிராணி மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் வந்தது. அதனை வளர்ப்பவர் அடையும் இன்பம் பொய்யன்று. நாற்றம் மிகக் குறைவு. உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவை அவ்வடர்ந்த மயிரில் எளிதில் குடியேறா. தாய் 111 நாள் சூல் சுமந்து ஈனும் குட்டி, எலிக்குஞ்சு போலக் குருடாய், மயிரின்றிப் பிறப்பதில்லை. கண் திறந்து, உரோமம் மூடி, பிறந்த அன்றே ஓடத் தொடங்கும். பழகியவரின் குரலை அறியும். எரிமலைச் சாம்பல் போன்ற நுண்ணிய தூளை ஒரு தட்டில் வைத்தால் அதில் புரண்டு புரண்டு குளிக்கும். அதுவே அதற்கு நீராட்டு. அக்காட்சியைக் கண்டவர் சிரிக்காமல் இருக்க இயலாது. அதன் செவி கேட்கும் ஒலியின் எல்லை மனிதச் செவியின் எல்லையை ஒத்திருப்பதால், காது கேட்டலைப் பற்றி ஆராய்வோர்க்கும் அது பெரிதும் உதவியிருக்கிறது.

கவலைகளோ இதனினும் மிகுதி. தண்ணீரில் நனைந்தால் மயிர் உலராது, நோய் வரும். மிரட்டிப் பிடித்தால் கையில் ஒரு பிடி மயிரை விட்டுவிட்டு ஓடிவிடும். பருந்தின் பிடியிலிருந்து தப்பும் பொருட்டு இயற்கை கொடுத்த தந்திரம் அது. பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடிக்க உலர்புல்லும் கட்டையும் இல்லாவிடில் பல் நீண்டு, வாய் மூட இயலாது, உணவின்றிப் பட்டினியால் மெலியும். பகலில் உறங்கி இரவில் விழிக்கும் பிராணி. பள்ளிப் பிள்ளை விளையாடும் நேரமும் அது விளையாடும் நேரமும் ஒன்றல்ல. நன்கு பேணினால் 15, 20 ஆண்டு வாழும். எட்டாம் வகுப்பில் வாங்கிய பையன் கல்லூரி முடித்து, வேலைக்குச் சென்று, மணம் புரிந்த பின்னும் அது கூண்டில் இருக்கும். அப்போது தண்ணீர் வைப்பவர் யார்? பெரும்பாலும் தாயார்.

யாவற்றிலும் பெருங்கவலை வெப்பம். 25 பாகை செல்சியசுக்கு மேல் சென்றால் அதற்குத் துன்பம். முப்பதை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. செவி சிவக்கும், பக்கவாட்டில் சாய்ந்து மூச்சிரைக்கும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் பகல் வெப்பம் எவ்வளவு என்று யாவரும் அறிவோம். இரவும் பகலும் ஓயாது குளிர்சாதனம் ஓடவேண்டும். மின்சாரம் நின்றால் நெஞ்சு படபடக்கும்.

நிற்க. வீட்டில் ஒன்றிரண்டு வளர்ப்பது வேறு. செல்வம் குவிக்கும் வழியென்று வளர்ப்பது வேறு. இரண்டாவது ஆசையும் சின்சில்லாவைத் தொடர்ந்து வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னர் அமெரிக்காவில் ஒரு மோகம் பரவிற்று. 'வீட்டின் நிலவறையில் ஓர் இணை சின்சில்லா வளர்த்தால் போதும், இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் செல்வர்' என்ற வகையில் விளம்பரங்கள் வந்தன. ஓர் இணை, நூற்றுக்கணக்கான டாலருக்கும் அதற்கு மேலும் விற்றது. வாங்கியவர் தோலுக்காக வளர்க்கவில்லை. அடுத்தவருக்கு இணையாக விற்பதற்கே வளர்த்தார். அவரிடம் வாங்கியவரும் அவ்வாறே. தோல் உண்மையில் சந்தைக்கு வந்தபோது, எதிர்பார்த்த விலை இல்லை. 1960-களில் அந்நாட்டு வாணிக ஆணையம், வளர்ப்பது எளிது என்றும் இலாபம் உறுதி என்றும் பொய் விளம்பரம் செய்த பல விற்பனையாளர்மீது ஆணைகள் பிறப்பித்தது. 1974-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றுக்கு ஒரு வழக்கு வந்தது. சின்சில்லாவை மிகுந்த விலைக்கு விற்று, பிறக்கும் குட்டிகளை இணைக்கு 100 டாலர் கொடுத்துத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு கூட்டத்தார் வாக்களித்தனர் என்பது வாதிகளின் குற்றச்சாட்டு. குட்டிகளைப் புதிய ஆட்களிடம் அவ்வாறே விற்றால்தான் பழைய ஆட்களுக்குப் பணம். எனவே இது பிராணி விற்பனையன்று, முதலீட்டு ஒப்பந்தம் என்று அவர்கள் வாதித்தனர். அவ்வாதத்தை நீதிமன்றம் ஏற்று, வழக்கு நடைபெறலாம் என்றது.

இதனைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா தோன்றவில்லை. பெருந்துறைச் சாலைதான் கண்முன் வந்தது. கொங்கு நாட்டார் ஈமுவை மறந்திருக்க மாட்டார்கள். ஈமு ஆஸ்திரேலியாவின் பெரும்பறவை, ஆறடி வரை உயரும், பறவாது, கரும்பச்சை முட்டையிடும். அதன் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் எல்லையற்ற கிராக்கி உண்டென்று சொல்லப்பட்டது. ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகளும் தீவனமும் தருவோம், மாதந்தோறும் ஆறாயிரம் ரூபாய் வளர்ப்புக்கூலி தருவோம், முடிவில் முதலையும் திருப்பித் தருவோம் என்பது போன்ற திட்டங்களை நிறுவனங்கள் வெளியிட்டன. திரை நட்சத்திரங்கள் விளம்பரத்தில் தோன்றினர். தென்னைக்கும் மஞ்சளுக்கும் இடையே கம்பிவலைப் பட்டிகள் எழுந்தன. 2012 ஆகஸ்டில் பெருந்துறையில் ஒரு பெரிய நிறுவனம் பணம் தர இயலாது நின்றது. அதனைத் தொடர்ந்து பிறவும் சாய்ந்தன. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலனுக்காக 1997-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி வழக்குகள் தொடரப்பட்டன.

பணம் இழந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின. பறவைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். தீவனம் போட ஆளின்றிப் பட்டிகளில் ஆயிரக்கணக்கான ஈமுக்கள் பட்டினியில் நின்றன. முடிவில் அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறையே தீவனம் கொடுத்துக் காக்க நேர்ந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஆறு ஈமுக்கள் இருந்தன. அத்தோட்டத்துக்காரர் என்னிடம் படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர். மகள் கல்யாணத்திற்கு வைத்திருந்த பணம் அது. "ஏனப்பா, கூட்டல் கழித்தல் போட்டுப் பார்க்கவில்லையா?" என்று கேட்டேன். "பார்த்தனுங்க ஐயா, வர்ற பணத்தை மட்டுந்தான் பார்த்தனுங்க, அது எங்கிருந்து வருதுன்னு பார்க்கலைங்க" என்றார். அதற்குப்பின் நான் எதுவும் கேட்கவில்லை. வேலியருகே ஈமு ஒன்று கழுத்தை நீட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

சின்சில்லா என்னும் பெயர் தமிழ்நாட்டில் வேறொரு வழியிலும் நுழைந்திருக்கிறது. பிரான்சு நாட்டில் டிபோவ்ஸ்கி என்பவர், சின்சில்லாவின் சாம்பல் நிறத்தை ஒத்த உரோமமுடைய முயலை உருவாக்கி 1913-இல் கண்காட்சிக்கு வைத்தார். சின்சில்லாத் தோல் வாங்க இயலாதவர் முயல்தோலை வாங்கினர். அம்முயலையும் பெரிய வெள்ளை முயலையும் கலந்து சோவியத் நாட்டார் பெருத்ததோர் இனத்தைக் கண்டனர்; அதுவே சோவியத் சின்சில்லா. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் மைய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை இருக்கிறது. அங்கு இம்முயலை வளர்த்து உழவர்க்கு அளிக்கின்றனர். மாணவர்கள் சுற்றுலா சென்றால் அவசியம் காணத்தக்க இடம். குளிர்ந்த மலையில் அது செழிக்கிறது. சமவெளிக்கு வந்தால், கடுங்கோடையில் ஆண் முயல் இனப்பெருக்க ஆற்றலை இழந்துவிடுவதும், கொட்டகைமீது ஈரச்சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருக்கவேண்டியதும் வளர்த்தவர் அறிந்தவை. ஆண்டிஸ் மலை எலிக்கும் இதற்கும் உறவு நிறத்தளவே. அதுபோலவே குளிர்நாடுகளில் மேலங்கிக்கு நெய்யப்படும் சுருள்முடிச்சுக் கம்பளித் துணி ஒன்றிற்கும் சின்சில்லா என்று பெயர். அதில் சின்சில்லாவின் ஒரு மயிரும் இல்லை. துணி வாணிகம் செய்வோர்க்கு இத்தகைய பெயர் வைப்பில் வியப்பிருக்காது.

இவ்வளவு சொல்லும்போது காங்கயம் காளையைச் சொல்லாமல் போவது அழகன்று. நம் வட்டாரத்துக் கொறங்காடு என்பது கிளுவை வேலியும், வெள்வேல மரமும், கொழுக்கட்டைப் புல்லும் உடைய மேய்ச்சல் நிலம். மழை குறைவு, வெயில் மிகுதி. அந்நிலத்திற்கு ஏற்ற மாடு அது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்துப் புகழ் சேர்த்தனர். பிடிக்க ஆள் ஏவவில்லை, பனிக்கட்டி வைக்கவில்லை. அதனைப் பற்றித் தனியே ஒரு பேச்சு வேண்டும்; இங்கு இவ்வளவு போதும்.

இன்று சின்சில்லாவின் நிலை என்ன? வீட்டுக் கூண்டுகளில் அது ஏராளம். சொந்த மலையில் மிகச் சில. இரு காட்டினங்களும் அழியும் ஆபத்திலுள்ளவை என்றே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியுள்ளது. 1983-இல் சிலி அரசு இல்லாப்பேல் என்னும் ஊருக்கு அருகில், நான்காயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை இப்பிராணியின் பெயராலேயே காப்புக்காடாக ஒதுக்கிற்று. காட்டில் பிடித்தவற்றைக் கொண்டு வாணிகம் செய்வதை உலக நாடுகளின் ஒப்பந்தம் தடுக்கிறது. வீட்டு வளர்ப்பின் வழிவந்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. இந்தியாவோ 2017 ஜனவரியில் மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் தோல் இறக்குமதியைத் தடை செய்தது. உயிருள்ள பிராணியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அரசின் அனுமதியும் நோய்த்தடுப்புச் சோதனையும் வேண்டும். அவற்றைக் காட்டாது விற்பவரிடம் வாங்குவது ஆகாது.

இவற்றில் பெரும்பகுதியை அன்று அந்தப் பையனுக்குச் சொன்னேன். பனிக்கட்டியைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவன் கண் அகன்றது. "ஒரு வருசம் இறக்குனாங்களா?" என்று இருமுறை கேட்டான். அவன் தந்தை, இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடினால் மின்கட்டணம் என்ன ஆகும் என்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் வேறொன்று கேட்டான்: "மலையில இப்ப எத்தனை இருக்குதுங்க ஐயா?" எண்ணுவது எளிதன்று, அது இரவில் உலவும் பிராணி, பாறை இடுக்கில் மறைவது, தானே இயங்கும் புகைப்படப் பெட்டிகளை வைத்துக் காத்திருந்து பார்க்கிறார்கள் என்றேன். அவ்வாறு எடுத்த படத்தைப் பார்க்கவேண்டும் என்றான். மறுநாள் தானே தேடி எடுத்து வந்து காட்டினான். கரும்பாறை, நிலவொளி போன்றதொரு மங்கல், அதன் நடுவில் இரண்டு செவிகள்.